தாயைப் போலப் பிள்ளை: ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார்

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. அறிவியல் உலகில் அதற்குச் சான்றாக விளங்கியவர் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார். ரேடியம் கண்ட மேரி கியூரி அம்மையாரின் பெயரைக் கேளாத மாணவியர் நம்முள் இலர். ஆனால் அவருடைய மூத்த மகளும் நோபெல் பரிசு பெற்றவர் என்பதை அறிந்தோர் சிலரே. எதிர்ப்பொருள் என்று இன்று வியந்து பேசப்படும் பொருள், மனிதர் ஆக்கிய தனிமம் ஒன்றிலிருந்து வெளிவருவதை முதன்முதல் கண்டவர்களுள் அவர் ஒருவர் என்பதை அறிந்தோர் இன்னும் சிலரே.

அணு மின்சாரம் என்றவுடன் பெற்றோர் பலரின் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுவது இயல்பு. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் தீவிலும், 1986இல் செர்னோபிலிலும், 2011இல் ஜப்பானின் புகுஷிமாவிலும் நிகழ்ந்த விபத்துகள் அந்த அச்சத்தை வளர்த்தன. அறிவியல் ஆர்வம் மிக்க மாணவியர் மனத்திலோ வேறொரு வினா எழும். யுரேனியத்தை விட்டுவிட்டு எதிர்ப்பொருளைக் கொண்டு ஆற்றல் பெற்றால், நச்சுக் கழிவும் விபத்தும் இல்லாத அணு ஆற்றல் கிடைக்காதா என்பதே அது. நல்ல வினாதான். இதற்கு விடை தேட ஐரீன் அம்மையாரின் வாழ்க்கையைவிடச் சிறந்த வழிகாட்டி வேண்டுவதில்லை. எதிர்ப்பொருள், அணு உலை, கதிர்வீச்சால் வரும் தீங்கு ஆகிய மூன்றும் அவ்வொரு வாழ்க்கையிலேயே வந்து கூடின.

பிறப்பும் இளமையும்

ஐரீன் 1897ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தை பியேர் கியூரி, தாய் மேரி கியூரி. மகளுக்கு ஒரு வயது நிரம்பிய அடுத்த ஆண்டில்தான் பெற்றோர் இருவரும் பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்களைக் கண்டனர். இரவும் பகலும் ஆய்வுக்கூடத்திலேயே கழித்த அவர்களுக்குக் குழந்தையைச் சீராட்ட நேரம் ஏது? மருத்துவராயிருந்த பாட்டனார் யூஜீன் கியூரியே பேர்த்தியை வளர்த்தார். செடி கொடிகளின் பெயர்களையும், எதையும் தானே எண்ணித் துணியும் பழக்கத்தையும் அவரிடமே ஐரீன் கற்றார்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், சாலையில் குதிரை வண்டியின் சக்கரத்தில் சிக்கித் தந்தை உயிர் துறந்தார். அப்போது ஐரீனுக்கு வயது எட்டு. தங்கை ஈவ் இரண்டு வயதும் நிரம்பாத குழவி. துயரத்தை அடக்கிக்கொண்டு கணவரின் பணியைத் தாம் ஏற்ற மேரி அம்மையார், மக்களின் கல்வியிலும் குறை வைக்கவில்லை. நண்பர்களான பேராசிரியர்கள் சிலருடன் கூடி, தத்தம் பிள்ளைகளுக்குத் தாமே முறைவைத்துப் பாடம் சொல்லும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார். மேரி அம்மையார் இயற்பியலையும், ழான் பெரின் வேதியியலையும், பால் லாங்கெவின் கணிதத்தையும் அச்சிறாருக்குக் கற்பித்தனர். இரண்டு ஆண்டுகளே நடந்த பள்ளி அது. எனினும் கையால் செய்து பார்த்துக் கற்ற பாடம் ஐரீன் நெஞ்சில் என்றும் நிலைத்தது.

போர்முனையில் ஓர் இளநங்கை

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. குண்டடிபட்ட வீரர்களின் உடலில் எங்கே குண்டு புதைந்துள்ளது என்று அறியாமல் மருத்துவர்கள் தவித்தனர். எக்ஸ் கதிர்க் கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டு செல்ல மேரி அம்மையார் முனைந்தார். அவருக்கு வலக்கையாக நின்றவர் பதினேழு வயது ஐரீன். பதினெட்டு வயதில் பெல்ஜியப் போர்முனை மருத்துவமனை ஒன்றில் எக்ஸ் கதிர்ப் பிரிவைத் தனியே நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. இரு வேறு கோணங்களிலிருந்து படம் எடுத்து, வடிவகணித முறையால் குண்டு எவ்வளவு ஆழத்தில் உள்ளதென்று கணித்துக் கூறுவார். செவிலியர்க்கு இக்கலையைக் கற்பித்தும் வந்தார். இவற்றிற்கிடையே பாரிஸ் பல்கலைக்கழகத் தேர்வுகளையும் எழுதித் தேறினார். போர் முடிந்தபின் அரசு அவருக்குப் பதக்கம் வழங்கியது.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். எக்ஸ் கதிரின் தீங்கை அந்நாளில் உலகம் முழுமையாக உணரவில்லை. துணிக் கையுறையும் சில உலோகத் தடுப்புகளுமே அவர்களுக்குப் பாதுகாப்பு. இளம் உடலில் அன்று ஏறிய கதிர்வீச்சு வெளியே தெரியாத கடனாகத் தங்கிவிட்டது.

ஆய்வுக்கூடமும் இல்லறமும்

போருக்குப்பின் ஐரீன் தம் அன்னை நிறுவிய ரேடியம் நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பொலோனியம் வீசும் ஆல்பாக் கதிர்களை ஆராய்ந்து 1925இல் டாக்டர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஃபிரெடரிக் ஜோலியோ என்னும் இளைஞர் மேரி அம்மையாரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தார். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் முறையை அவருக்குக் கற்பிக்கும் பொறுப்பு ஐரீனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐரீன் அமைதியே உருவானவர். ஆடை அணியில் நாட்டம் இல்லாதவர். மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்பவர். ஃபிரெடரிக் கலகலப்பாகப் பழகுபவர். குணத்தால் வேறுபட்ட இருவரும் அறிவு வேட்கையால் ஒன்றுபட்டு 1926ஆம் ஆண்டு அக்டோபரில் மணம் புரிந்தனர். 1927இல் ஹெலேன் என்னும் மகளும் 1932இல் பியேர் என்னும் மகனும் பிறந்தனர். தாய்மையையும் ஆய்வையும் இரு கண்களாகப் போற்றினார் ஐரீன்.

கைநழுவிய இரண்டு கண்டுபிடிப்புகள்

பெரியோர் வாழ்விலும் தவறுகள் உண்டு. 1932ஆம் ஆண்டு தொடக்கத்தில் இவ்விருவரும் பெரிலியத்தின்மீது ஆல்பாத் துகள்களை மோதச் செய்து, அதிலிருந்து எழுந்த ஊடுருவும் கதிர்களை மெழுகின்மேல் விழச் செய்தனர். மெழுகிலிருந்து புரோட்டான்கள் விரைந்து வெளிப்பட்டன. காமாக் கதிர்களே அவற்றைத் தள்ளின என்று எழுதி வெளியிட்டனர். அதைப் படித்த இங்கிலாந்து நாட்டுச் சாட்விக், சில வாரங்களிலேயே ஆய்வு செய்து, அவை காமாக் கதிர்கள் அல்ல, மின்னேற்றமற்ற நியூட்ரான்கள் என நிறுவினார். நோபெல் பரிசும் அவருக்கே சென்றது.

இரண்டாவது வாய்ப்பும் அவ்வாண்டிலேயே நழுவியது. அதை விளங்கிக்கொள்ள எதிர்ப்பொருள் என்றால் என்ன என்று முதலில் அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் கணித மேதை டிராக், எலெக்ட்ரானின் இயக்கத்தை விளக்க 1928இல் ஒரு சமன்பாடு அமைத்தார். அதிலிருந்து, எலெக்ட்ரானின் நிறையே கொண்டு, எதிர் மின்னேற்றத்திற்குப் பதிலாக நேர் மின்னேற்றம் கொண்ட ஒரு துகள் இருக்க வேண்டும் என்று 1931இல் அறிவித்தார். கண்ணாடியில் தெரியும் நம் உருவத்தில் வலமும் இடமும் மாறியிருப்பதுபோல, அத்துகளில் மின்னேற்றம் மாறியிருக்கும். அதற்குப் பாசிட்ரான் என்று பெயர். இவ்வாறே புரோட்டானுக்கு ஓர் எதிர்ப் புரோட்டானும் உண்டு. இத்தகைய துகள்களால் ஆனதே எதிர்ப்பொருள். பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஆற்றலாக மாறிவிடும்.

முகில் அறை என்னும் கருவியில் துகள்களின் தடங்களைப் படம் எடுத்தபோது, காந்தப் புலத்தில் எலெக்ட்ரான் வளைய வேண்டிய திசைக்கு மாறாகச் சில தடங்கள் வளைந்திருப்பதை ஐரீனும் ஃபிரெடரிக்கும் கண்டனர். எதிர்த் திசையிலிருந்து வந்த எலெக்ட்ரான்களே அவை என்று எண்ணி விட்டுவிட்டனர். 1932 ஆகஸ்டில் அமெரிக்க இளைஞர் ஆண்டர்சன் அத்தகைய தடத்தைக் கண்டு அதுவே பாசிட்ரான் என உணர்ந்தார். கையில் கிடைத்த முத்தைக் கூழாங்கல் என்று கருதியது போலாயிற்று ஜோலியோ தம்பதியர் நிலை. வேறு எவரேனும் ஆயின் சோர்ந்து போயிருப்பர். இவர்களோ பிறர் கண்ட உண்மையை ஏற்றுக்கொண்டு, பாசிட்ரானையும் நியூட்ரானையுமே மேலும் ஆராயத் தொடங்கினர்.

அலுமினியத் தகடு சொன்ன செய்தி

1933 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலகின் தலைசிறந்த இயற்பியலார் கூடினர். ஆல்பாத் துகள் தாக்கிய அலுமினியத்திலிருந்து நியூட்ரானும் பாசிட்ரானும் வெளிவருவதாக இருவரும் அங்கு உரைத்தனர். தம் ஆய்வில் அவ்வாறு காணவில்லை என்று லீஸ் மைட்னர் அம்மையார் மறுத்தார். பலரும் அவர் பக்கமே சாய்ந்தனர். மனம் தளர்ந்த இருவரும் பாரிஸ் திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினர்.

1934 ஜனவரியில் அந்த நாள் வந்தது. மெல்லிய அலுமினியத் தகட்டைப் பொலோனியத்தின் அருகே சில நிமிடங்கள் வைத்தனர். பின் பொலோனியத்தை அகற்றினர். கதிர்களின் மூலமே அகன்றபின் எண்ணும் கருவி ஓய்ந்திருக்க வேண்டும். ஆனால் அது ஓயவில்லை. தொடர்ந்து ஒலித்து, சில நிமிடங்களில் மெல்ல மெல்லக் குறைந்தது. கருவியில்தான் பழுதோ என்ற ஐயம் எழுந்தது. முன் செய்த தவறுகள் அவர்களுக்கு எச்சரிக்கையைக் கற்றுத் தந்திருந்தன. ஆதலால் அங்குப் பணியாற்றிய ஜெர்மன் அறிஞர் கெண்ட்னரிடம் கருவியைச் சோதிக்கச் சொன்னார்கள். கருவியில் குறையேதும் இல்லை என்று அவர் உறுதி செய்தார்.

அப்படியானால் நிகழ்ந்தது என்ன? அலுமினியத்தின் அணு எண் 13. ஆல்பாத் துகளின் மின்னேற்றம் 2. இரண்டும் சேர்ந்து 15 ஆக, ஒரு நியூட்ரான் வெளியேறி, அலுமினியம் பாஸ்பரஸாக மாறிவிட்டது. இயற்கையில் இல்லாத அந்தப் பாஸ்பரஸ் நிலைத்து நில்லாமல் ஒரு பாசிட்ரானை வீசிவிட்டுச் சிலிக்கானாக மாறுகிறது. அதன் அரை ஆயுட்காலம் இரண்டரை நிமிடமே.

இதை மெய்ப்பிக்க வேதியியலின் துணை வேண்டும். அங்கேதான் ஐரீனின் கைத்திறன் ஒளிர்ந்தது. கதிரேற்றிய தகட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தபோது எழுந்த வாயுவோடு பாஸ்பரஸும் வெளியேறியது. அவ்வாயுவைக் குழாயில் பிடித்துக் கருவியின் அருகே கொண்டு சென்றதும் கருவி ஒலித்தது. எஞ்சிய கரைசலில் ஒலி இல்லை. இத்தனையும் சில நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டும். தாமதித்தால் பொருளே மறைந்துவிடும். சோறு வடிக்கும் பதம் தவறினால் குழைந்துவிடுவது போன்ற வேலை அது.

மனிதர் கையால் ஆக்கப்பட்ட முதற் கதிரியக்கத் தனிமம் அது. சிறு கண்ணாடிக் குழாயில் அதை அடைத்து அன்னையிடம் தந்தனர். கதிரியக்கப் பொருள்களால் விரல்கள் புண்ணாகியிருந்த மேரி அம்மையார் அதை வாங்கி, எண்ணும் கருவியின் அருகே வைத்து, அதன் ஒலி கேட்டு மகிழ்ந்தார். அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் அவர் இரத்தம் குன்றும் நோயால் காலமானார். நெடுங்காலம் கதிர்களுடன் பழகியதன் விளைவு அது. மறு ஆண்டு, 1935இல், வேதியியலுக்கான நோபெல் பரிசு ஐரீனுக்கும் ஃபிரெடரிக்குக்கும் வழங்கப்பட்டது. அன்னை அதைக் காண இல்லை.

பெண்குலத்தின் பெருமை

1936இல் பிரான்சு நாட்டில் லியோன் புளூம் அமைத்த அரசில் அறிவியல் ஆராய்ச்சித் துறையின் துணை அமைச்சராக ஐரீன் நியமிக்கப்பட்டார். அந்நாட்டுப் பெண்களுக்கு அன்று வாக்குரிமைகூட இல்லை. 1944இல்தான் அது கிடைத்தது. பெண்களாலும் நாடாளும் பணி இயலும் என்று காட்டுவதற்காகவே அவர் அதை ஏற்றுச் சில திங்களில் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பினார். நோபெல் பரிசு பெற்ற அவரை உறுப்பினராகச் சேர்க்கப் பிரெஞ்சு அறிவியல் கழகம் பலமுறை மறுத்தது. பெண்களுக்கு இடமில்லை என்ற பழைய வழக்கமே காரணம். மறுக்கப்படும் என்று தெரிந்தும் அவர் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். அநீதி ஊரறிய வேண்டும் என்பதே அவர் கருத்து. அக்கழகம் முழு உறுப்பினராக முதற் பெண்ணை ஏற்றது 1979இல்தான்.

அணு உலை எழுந்தது

1938இல் ஐரீனும் யுகோஸ்லாவிய அறிஞர் சாவிச்சும் நியூட்ரான் தாக்கிய யுரேனியத்தில் லாந்தனத்தை ஒத்த ஒரு பொருளைக் கண்டனர். புதிரான அம்முடிவு ஜெர்மனியில் ஹானையும் ஸ்டிராஸ்மனையும் தூண்டியது. அவ்வாண்டு இறுதியில் அவர்கள் செய்த ஆய்வுக்கு, யுரேனிய அணுக்கரு இரண்டாகப் பிளந்தது என்று மைட்னரும் அவர் உடன்பிறந்தாள் மகன் ஃபிரிஷும் விளக்கம் தந்தனர். அணுக்கரு பிளக்கும்போது மேலும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிவருவதால் தொடர்வினை இயலும் என்பதை 1939இல் காட்டியவர்களுள் ஃபிரெடரிக்கும் ஒருவர்.

இரண்டாம் உலகப் போரும், ஐரீனை வாட்டிய காசநோயும் சில ஆண்டுகளை விழுங்கின. போருக்குப்பின் பிரான்சு ஓர் அணு ஆற்றல் ஆணையத்தை அமைத்தது. ஃபிரெடரிக் அதன் தலைமைப் பொறுப்பையும், ஐரீன் ஆணையர் பொறுப்பையும் ஏற்றனர். 1948 டிசம்பர் 15ஆம் நாள், பாரிசை அடுத்த ஷாத்தியோன் கோட்டையில், பிரான்சின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. சோயி என்று அதற்குப் பெயர். 1950 ஜனவரியில் இந்தியா வந்த ஐரீன் அம்மையார், கல்கத்தாவில் மேகநாத சாகா நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிலையத்தைத் திறந்து வைத்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அணு உலையில் ஆபத்து எங்கே உள்ளது? தொடர்வினையைக் கட்டுப்படுத்தும் தண்டுகளைச் செலுத்தினால் நியூட்ரான்கள் உறிஞ்சப்பட்டு வினை நின்றுவிடும். ஆனால் பிளந்த துண்டுகள் கதிரியக்கம் உடையவை. உலையை நிறுத்திய கணத்திலும் அவை முழு வெப்பத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பிறகு மெல்லவே குறையும். அடுப்பை அணைத்தபின்பும் கனல் தணியாத கரி போல. அவ்வெப்பத்தை நீரால் ஆற்றாவிட்டால் எரிபொருள் உருகும். புகுஷிமாவில் ஆழிப்பேரலை மின் இயந்திரங்களை மூழ்கடித்தபோது நேர்ந்தது அதுவே.

எதிர்ப்பொருள் எரிபொருள் ஆகுமா?

ஒரு கிராம் யுரேனியம் முழுதும் பிளந்தால் ஏறத்தாழ 23,000 யூனிட் வெப்ப ஆற்றல் கிடைக்கும். அரைக் கிராம் எதிர்ப்பொருளும் அரைக் கிராம் பொருளும் சந்தித்து அழிந்தால் கிடைப்பது ஏறத்தாழ 2½ கோடி யூனிட். ஆயிரம் மடங்குக்கும் மேல். பிளந்த துண்டுகளும் இரா. கேட்கும்போதே ஆசை எழுகிறது அல்லவா? ஆனால் மூன்று தடைகள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது, எதிர்ப்பொருளுக்குச் சுரங்கம் இல்லை. யுரேனியம் பூமியில் கிடைக்கிறது. எதிர்ப்பொருளை நாமே ஆக்க வேண்டும். நாம் உண்ணும் வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியமும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாசிட்ரானை வீசுகிறது என்பது வியப்பே. ஆயினும் அதனால் அடுப்பு எரியாது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வு நிலையத்தில் பெரும் இயந்திரங்களைக் கொண்டு எதிர்ப் புரோட்டான்களை ஆக்குகின்றனர். அங்கு இதுவரை ஆக்கிய எதிர்ப்பொருள் அனைத்தையும் ஒன்றுதிரட்டி அழித்தாலும் ஒரு மின்விளக்கு சில நிமிடங்களே எரியும். அதை ஆக்கச் செலவான மின்சாரமோ கணக்கற்றது. நூறு மூட்டை நெல்லை விதைத்து ஒரு மணியை அறுப்பதை உழவு என்று யாரும் கூறார்.

இரண்டாவது, அதை வைத்திருக்கப் பாத்திரம் இல்லை. எந்தச் சுவரைத் தொட்டாலும் அழிந்துவிடும் பொருளைக் காற்றற்ற வெளியில், மின்புலமும் காந்தப்புலமும் கொண்டு தாங்க வேண்டும். 2011இல் செர்ன் அறிஞர்கள் எதிர் ஹைட்ரஜன் அணுக்களை 1,000 வினாடிகள்வரை இவ்வாறு தாங்கிக் காட்டினர். அவையும் சில நூறு அணுக்களே. இங்கே ஒரு பெரிய உண்மை மறைந்துள்ளது. அணு உலைகள் பலவற்றில் மின்சாரம் நின்றுபோனால் கட்டுப்பாட்டுத் தண்டுகள் தம் எடையாலேயே விழுந்து தொடர்வினையை நிறுத்தும்படி அமைத்துள்ளனர். எதிர்ப்பொருளிலோ, தாங்கும் புலம் நின்ற கணமே பொருள் முழுவதும் சுவரில் பட்டு வெடிக்கும். காவல் தவறினால் அடங்குவதே பாதுகாப்பான நெருப்பு. காவல் தவறினால் எழும்பும் நெருப்பை எவ்வாறு பாதுகாப்பானது என்பது?

மூன்றாவது, கதிர்வீச்சு அங்கும் உண்டு. பாசிட்ரான் அழியும்போது காமாக் கதிர்கள் எழும். எதிர்ப் புரோட்டான் அழியும்போது எழும் துகள்கள் சுற்றியுள்ள அணுக்கருக்களை உடைத்துச் சுவரையே கதிரியக்கம் உடையதாக்கும். எதிர்ப் புரோட்டானைக் கொண்டு பழைய அணுக் கழிவை எரித்தால் என்ன என்றும் கேட்கலாம். ஆனால் அதை ஆக்கப் பயன்படும் புரோட்டான் கற்றையைக் கன உலோகத்தின்மேல் நேரே செலுத்தினாலே அதற்கு வேண்டிய நியூட்ரான்கள் பெருகக் கிடைக்கும். மூக்கைச் சுற்றித் தொடுவானேன்?

ஆகவே எரிபொருளாக எதிர்ப்பொருள் நமக்கு உதவாது. அது ஆற்றலைத் தரும் ஊற்றன்று. நாம் ஊற்றியதில் ஒரு துளியை மட்டும் திருப்பித் தரும் குடம்.

எரிபொருள் அன்று, ஒளிவிளக்கு

ஆனால் இத்தோடு கதை முடியவில்லை. அணு உலையின் எஃகுக் கலனை ஆண்டாண்டாக நியூட்ரான்கள் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. அதனால் இரும்பு அணுக்கள் இடம்பெயர்ந்து, கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் எளிதில் புலப்படாத வெற்றிடங்கள் தோன்றும். எஃகு நொறுங்கும் இயல்பை அடையும். இதை முன்கூட்டி அறிவது பாதுகாப்பிற்கு மிகவும் வேண்டியது. இங்கேதான் பாசிட்ரான் துணைக்கு வருகிறது. நேர் மின்னேற்றம் கொண்ட அது, அணுக்கருக்களால் விலக்கப்பட்டு வெற்றிடங்களை நாடிச் சென்று தங்குகிறது. அங்கே எலெக்ட்ரான்கள் குறைவாதலால் சற்று நீண்ட நேரம் வாழ்கிறது. அந்த வாழ்நாள் ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் அதை அளந்து, வெற்றிடம் எத்துணைப் பெரிது என்று அறிஞர்கள் கூறிவிடுகின்றனர். இதற்குப் பயன்படும் சோடியம்-22 செயற்கைக் கதிரியக்கப் பொருள். ஐரீன் கண்ட அலுமினியத் தகட்டின் வழிவந்தது. நம் தமிழ்நாட்டுக் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இம்முறையால் உலை உலோகங்களை ஆராய்ந்துள்ளனர்.

மருத்துவத்திலும் அவ்வாறே. பாசிட்ரானை வீசும் புளூரின்-18 கலந்த சர்க்கரை நீரை நோயாளிக்கு ஊசிவழிச் செலுத்துவர். பாசிட்ரான்கள் அழியும்போது எதிரெதிர்த் திசைகளில் பாயும் இரு காமாக் கதிர்களைப் பிடித்து, உடலுக்குள் புற்றுநோய் எங்குள்ளது எனக் காட்டுவர். பெட் ஸ்கேன் என்று மக்கள் கூறுவது இதையே. போர்முனையில் வீரர்களின் உடலுக்குள் குண்டைத் தேடிய அதே ஐரீனின் கண்டுபிடிப்பு, இன்று நோயைத் தேடும் பணிக்கும் உதவுகிறது.

இறுதி நாட்கள்

அரசியல் காரணங்களால் 1950இல் ஃபிரெடரிக்கும் அடுத்த ஆண்டில் ஐரீனும் ஆணையப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டனர். ஐரீன் மனம் கலங்காமல் ஆய்வையும் கற்பித்தலையும் தொடர்ந்தார். பாரிசின் தெற்கே ஓர்சே என்னுமிடத்தில் பெரியதோர் அணுக்கரு இயற்பியல் நிலையம் அமைக்கத் தாமே திட்டம் வகுத்தார். அது எழுந்து நிற்பதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. போர்க்கால எக்ஸ் கதிர்களும், வாழ்நாளெல்லாம் கையாண்ட பொலோனியமும் தம் கடனைத் திருப்பிக் கேட்டன. இரத்தப் புற்றுநோயுற்று, 1956 மார்ச் 17ஆம் நாள் பாரிசில் தம் 58ஆம் வயதில் உயிர் நீத்தார். தாயைக் கொண்டுபோன கதிர்வீச்சே மகளையும் கொண்டுபோயிற்று. இரண்டாண்டுக்குப்பின் கணவரும் மறைந்தார். மகள் ஹெலேன் அணுக்கரு இயற்பியலிலும் மகன் பியேர் உயிரியலிலும் புகழ்பெற்று, குடும்பத்தின் அறிவுச் சுடரை ஏந்தினர்.

அன்பு மாணவியரே! ஆபத்தைப் போக்கும் மந்திரப் பொருள் ஒன்று எங்கோ இருக்கிறது என்று எண்ணுவது எளிது. ஐரீன் அம்மையாரின் வாழ்வு வேறு பாடத்தைக் கற்பிக்கிறது. கருவி ஓயாமல் ஒலித்தபோது, மகிழ்ந்து கூத்தாடாமல் முதலில் கருவியைச் சோதித்தார்களே, அந்த எச்சரிக்கைதான் பாதுகாப்பு. தடித்த சுவரும், நில்லாத நீரோட்டமும், தானே விழும் தண்டும், நாள்தோறும் அளந்து குறிக்கும் பழக்கமும், தவறை மறைக்காத நேர்மையும் சேர்ந்ததே அணு ஆற்றலின் காவல். இன்று கதிர்களிடையே பணிபுரிவோர் மார்பில் அளவிகளை அணிந்து, தம் உடல் ஏற்ற கதிர்வீச்சைக் கணக்கிட்டுக்கொள்கின்றனர். ஐரீனுக்கும் அவர்தம் அன்னைக்கும் இளமையில் அக்காவல் கிட்டவில்லை. தம் உடலைத் தேய்த்து அவர்கள் தேடிய அறிவைப் பேணிக் காத்து, பிறர் நலம் கருதிப் பயன்படுத்த நாமும் முனைவோமாக.